மொட்டைமாடிக்குப் பன்னிரண்டாவது பங்கு

ஜூன் 3, திங்கள்

விடுதியின் மின்கட்டணம் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம். முப்பத்துநான்கு வருடம் மின்வாரியத்தில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பில் போட்டவள் நான். ஜன்னலுக்கு வெளியே நின்று "யம்மா, நாங்க கரண்டக் குடிக்கவா செய்யுதோம்?" என்று சண்டை பிடித்தவர்களை எல்லாம் இன்று நினைத்துக்கொண்டேன். அவர்களிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாம்.

சாயங்காலம் அறக்கட்டளைக் கூட்டம். தலைவர் ஞானையா சார் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட செய்தியைக்கூடப் பரிசளிப்பு விழா மாதிரிதான் சொல்வார். பாளையங்கோட்டையில் அறுபது வருடமாக நடக்கிற செல்லத்தாய் நினைவு மகளிர் விடுதியில் மாதாமாதம் துண்டு விழுகிறதாம். மார்ச்சுக்குள் செலவைக் குறைக்க வழி பிறக்காவிட்டால் கட்டடத்தை ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அங்கே தங்கி வேலைக்குப் போகிற நாற்பது பெண்களும் எங்கே போவார்கள் என்று கேட்டேன்.

"இப்பம் நல்ல நல்ல பிஜி எல்லாம் வந்துட்டுல்லா, தொற்காள்" என்று என் பெயரைச் சொல்லிச் சமாதானம் செய்தார்.

பொருளாளர் என்ற முறையில் என் ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். குறிப்பதில் அவர்களுக்கு என்ன செலவு?

இருபத்துநாலு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அந்த விடுதிக்குள் நுழைந்து ஏழு வருடம் அங்கே இருந்தவள் நான். அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

வீட்டு மோட்டார் மண்டையைப் போட்டுவிட்டது. மெக்கானிக் நாளை வருவானாம். அவனுடைய நாளை எனக்குத் தெரியும்.

ஜூன் 10, திங்கள்

கூரையில் சூரியத் தகடு போட்டால் பில் குறையும் என்பது குழந்தைக்கும் தெரியும். பணத்துக்குத்தான் வழியில்லை. கட்டடத்தை அடமானம் வைத்தால் வங்கி கொடுக்கும். அடமானம் கூடாது என்று விடுதியை நிறுவிய செல்லத்தாய் டீச்சர் பத்திரத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆகவே ஆடிட்டர் சங்கரநாராயணனிடம் போனேன். மனிதர் எதையும் சாப்பாட்டை வைத்துத்தான் விளக்குவார்.

விடுதி ஆபீஸில் எங்கள் வருமான வரிவிலக்குச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, டீச்சர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். பூகூட வைக்கிறோம். அந்தச் சான்றிதழ்தான் இப்போது குறுக்கே நிற்கிறதாம்.

"அக்கா, வரி கட்டுதவன் சோலார் போட்டாம்னா, போட்ட காசுல நாப்பது சதவீதத்த மொத வருசமே தேய்மானம்னு கழிச்சுக்கிடலாம். அவனுக்கு வரி கொறையும். அதனால அவனுக்குச் சல்லிசா வந்து விழும். நீங்கதான் வரியே கட்டலையே, எதுலேருந்து கழிப்பிய?"

"அப்போ தர்மம் பண்ணுததுக்குத் தண்டனையா?"

"தண்டனை இல்லக்கா. பந்தியில உக்காந்துக்கிட்டு எனக்குப் பசியே கெடையாதுன்னா, எலையில எதத்தான் வைக்க? பசிக்கவங்களக் கொண்டு உக்கார வைங்க."

அவர் சொன்ன வழி இது. வரி கட்டுகிற யாராவது தகடுகளைத் தங்கள் காசில் வாங்கி எங்கள் மாடியில் வைக்க வேண்டும். தகடு அவர்களுடையது. அதில் வருகிற மின்சாரத்தை நாங்கள் யூனிட் ஐந்து ரூபாய்க்கு வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது கொடுப்பதில் பாதிதான். பதினைந்து வருடம் கழித்துத் தகடுகள் விடுதிக்கே சொந்தம். பெரிய கம்பெனிகள் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் எங்கள் அளவு அவர்கள் கண்ணுக்கே தெரியாது. "ஒங்க பழைய ஆட்களப் புடிங்க. தொழில் பண்ணுதவங்களாப் பாருங்க. சம்பளத்துலயும் பென்சன்லயும் இது கழியாது. ஆளுக்கு ஒரு பங்கு. ஆனா செப்டம்பர் கடைசிக்குள்ள தகடு ஓடிறணும். தவறிச்சோ, மொத வருசச் சலுகை பாதியாப் போயிரும். ஒருத்தரும் வரமாட்டாவ."

திரும்பி வரும்போது சான்றிதழைப் பார்த்தேன். வாடிய செவ்வந்தியை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வைக்காமல் வந்தேன்.

ஜூன் 15, சனி

கோயம்புத்தூரிலிருந்து என்ஜினியர் வந்தார். மீசை இப்போதுதான் உறுதியாகியிருக்கிறது. டேப் பிடித்து மாடியை நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்துவிட்டு, "மாடி பூராவுமே வேணுங்க மேடம். முப்பத்தாறு தகடுங்க. தரையோட தரையா அடிச்சுட்டா பதினொரு லட்சத்துல முடிச்சிடலாமுங்க" என்றார்.

துணி காயப்போட வந்த இசக்கி வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அரசு மருத்துவமனைப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். விடுதியில் மூன்று வருடமாக இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம்.

"நாங்க துணிய எங்க காயப்போட?"

"பின்னாடி காலியிடம் இருக்குதுங்களே."

"பின்னாடி சுவருக்கு அந்தப் பக்கம் பைக் மெக்கானிக் ஷாப்பு. நாங்க என்ன கலர்ல என்ன போடுதோம்னு அவனுவ கணக்கெடுத்துக்கிட்டு இருக்கணுமா?"

என்ஜினியர் டேப்பைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினார். பிறகு, எட்டடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் எழுப்பி அதன் மேல் தகடுகளை வைக்கலாம், அடியில் நடமாடலாம், தெற்கு ஓரம் வெயில் விழும், ஆனால் ஒரு லட்சம் கூடும் என்றார்.

"உயரமாவே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். தலைவரையும் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வரும் என்றும் யோசிக்கவில்லை. இசக்கி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

ஏன் சொன்னேன் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் ஐந்தடி உயரம். தெருவிலிருந்து ஒரு கண்ணும் எட்டாது. செல்லத்தாய் டீச்சர் வேண்டுமென்றே அப்படிக் கட்டச் சொன்னாராம். கீழே நாங்கள் எல்லாரும் யாராவது ஒருவருடைய மகள், யாராவது ஒருவருக்கு அடங்கிய குமாஸ்தா. மாடியில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அப்படி இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முப்பது பேர் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சீயக்காய் வாசனை மாடிப்படி வரைக்கும் இறங்கும். சிரித்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

என் அறைத்தோழி லீதியாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வாரம் முழுக்கக் காதில் விழுந்த அழைப்புகளை ஞாயிற்றுக்கிழமை மாடியில் நடித்துக் காட்டுவாள். தூத்துக்குடி உப்பு வியாபாரி தன் மாமனாரிடம் பேசியதை அவள் செய்து காட்டினால் வயிறு வலிக்கும். அவளுக்கு முழங்கால் வரை முடி. சிக்கெடுப்பது என் வேலை. எனக்கு எலிவால் என்பதால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். மீதி நேரமெல்லாம் அவள் தலைக்குத்தான். அந்த முடி வெயிலில் சூடேறும்போது கையில் ஒரு கதகதப்பு இருக்கும். அது இன்னும் நினைவிருக்கிறது.

எண்பத்தொன்பதில் அவள் கல்யாணமாகி வடக்கே போய்விட்டாள். பிலாஸ்பூர். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. நல்ல இடம்.

இட்லிக்கு அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

கூட்டத்தில் பங்குத் திட்டத்தை விளக்கினேன். ஆடிட்டரின் பந்தி உதாரணத்தை என்னுடையது போலச் சொன்னேன். எல்லாருக்கும் பிடித்திருந்தது. பழைய விடுதிப் பெண்கள் ஆளுக்கு ஒரு லட்சம். உயரச் சட்டத்தோடு பன்னிரண்டு பங்கு.

ஞானையா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் ஒங்களுக்கு டைம். பன்னெண்டு கெடைச்சா சந்தோசம். பதினொண்ணுதான் கெடைச்சுதுன்னா தரையோட அடிச்சிருவோம். துணி காயப்போடுததுக்கு ஒரு லட்சம்னு ஆடிட்ல எழுத முடியாதுல்லா."

எழுத முடியாதுதான்.

ஜூன் 25, செவ்வாய்

விடுதியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஆபீஸ் மேஜையில் அடுக்கிவைத்து ஆரம்பித்துவிட்டேன். மூன்று நாளாகப் போன், போன், போன். பாதிப் பேருடைய முகவரியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். ஒருத்தி நான் காப்பீடு விற்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வைத்துவிட்டாள். நாகர்கோவிலில் பல் டாக்டராக இருக்கிற வசந்தமலர், "யக்கா, மாடில நான் அனாட்டமி படிச்சது ஞாபகம் இருக்கா? எலும்பக் கண்டு பயந்து நீங்க கீழ ஓடுனிய" என்று சிரித்துவிட்டு, எத்தனை பங்கு வேண்டும் என்று கேட்டாள். ஆளுக்கு ஒன்றுதான் என்று சொன்னேன். எல்லாரும் சமமாக இருக்கட்டும்.

நான் பயந்து ஓடவில்லை. பால் காய்ச்சப் போனேன்.

ஜூலை 2, செவ்வாய்

மேலப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற முபீனா ஐந்தாவது பங்கு. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அவள்தான் சொன்னாள், லீதியாள் எண் அவளிடம் இருப்பதாக. வருடத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்வார்களாம்.

"தரட்டா?"

"வேண்டாம். தொழில் பண்ணுதவங்கதான் வேணும்."

"தொழில் இல்லன்னா பேசக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு எண்ணைச் சொன்னாள். ஒரு காகிதத்தில் குறித்தேன். பிறகு கிழித்துக் குப்பையில் போட்டேன்.

ஜூலை 3, புதன்

பில் போட்ட பழக்கம் பொல்லாதது. ஓர் எண்ணை ஒருமுறை கேட்டால் போதும், மனதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

ஜூலை 12, வெள்ளி

எட்டு.

ஜூலை 21, ஞாயிறு

பதினொன்று. கடைசியாக வந்தவள் தென்காசியில் தையல் யூனிட் வைத்திருக்கிறாள். பதினெட்டுப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறாள். விடுதியில் இருந்தபோது ஊசியில் நூல் கோக்கக்கூட என்னிடம்தான் வருவாள். பெருமையாக இருந்தது, ஏதோ நான்தான் கோத்துக்கொடுத்தது போல.

இனி விடுதி மூடாது. பதினொரு பங்கில் தகடு வந்துவிடும். மாடிதான் போய்விடும். பதிவேடுகளில் இனி ஆளில்லை. இன்று மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது இசக்கி வந்தாள். எண்பத்தாறாம் வருடப் பதிவேட்டைப் புரட்டினாள்.

"எல்லாப் பேருக்கும் நேரா ஏதோ குறிச்சிருக்கிய. எடுத்தாங்க, எடுக்கல, செத்துட்டாங்கன்னு. இந்த லீதியாள்னு ஒருத்தங்களுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. ஒங்க ரூம்தான் போட்டிருக்கு."

"அவளுக்குத் தொழில் கெடையாது."

"கேட்டியளா?"

உன் வேலையைப் பார் என்று சொன்னேன். போய்விட்டாள். போகும்போது, மாடி போய்விட்டால் தாங்கள் நாலைந்து பேர் வேறு இடம் பார்க்கப் போவதாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

எண்பத்தொன்பது, பிப்ரவரி, ஒரு ஞாயிறு. லீதியாளை மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போய் ஒரு வாரம். நாங்கள் இருவர் மட்டும் மாடியில் இருந்தோம். அவள் தலை என் மடியில். பெருமாள்புரத்தில் மனை போடுகிறார்களாம், தவணை கட்டலாமாம், எக்ஸ்சேஞ்சில் ஒருத்தி வாங்கியிருக்கிறாள் என்றாள். பிறகு கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "ஏளா, நாம ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு வாங்குவோமா? நீ சரின்னு சொன்னா, நான் அவங்களுக்கு வேண்டாம்னு எழுதிப் போட்டுருதேன்."

சரி என்று சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் சொன்னது, "பன்னெண்டே கால் ஆச்சு, சாப்பாட்டு மணி அடிச்சிட்டு. லேட்டாப் போனா வார்டன் பெயர எழுதிருவாவ. எந்திரி."

அவள் எழுந்தாள். ஈரமுடியை அப்படியே கொண்டை போட்டுக்கொண்டு இறங்கினாள். ஏப்ரலில் கல்யாணம்.

எனக்கு அவளைப் பிடிக்கும். வேறு யாரையும் அந்த மாதிரிப் பிடித்ததில்லை. பெருமாள்புரத்தில் மனை வாங்கி வீடு கட்டினேன், தனியாக. இந்த வீடுதான்.

ஜூலை 25, வியாழன்

பகல் பதினொரு மணிக்குப் போன் செய்தேன். பன்னிரண்டாவது பங்குக்காக.

"ஹலோ, கோன்?" என்று இந்தியில் யாரெனக் கேட்டாள்.

"தொற்காள் பேசுதேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஏளா... நீயா? சாப்ட்டியா?"

முப்பத்தைந்து வருடம் கழித்து அதைத்தான் கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை. பிறகு மடமடவென்று சூரியத் தகடு, தேய்மானம், செப்டம்பர், யூனிட் ஐந்து ரூபாய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கணவர் போய் நாலு வருடமாம். மகனுக்கும் அங்கேயே வேலை. மருமகள் நல்ல மாதிரி. பேரனுக்குத் தமிழ் தெரியாது.

"என் பேருல என்னட்டி இருக்கு? வீடு பையன் பேருல, பென்சன் வாங்குத புக்கும் அவன் கையில. கேட்டாத் தருவான். கேக்கத்தான் மனசில்ல."

பரவாயில்லை என்றேன்.

"அதை விடு. அந்த ஹாஸ்டல்ல எனக்கு ஒரு கட்டில் கெடைக்குமா?"

விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். நிஜமாக அப்படித்தான் நினைத்தேனா? "அம்பத்தெட்டுக்கு மேல சேக்கமாட்டோம். வேலைக்குப் போறவங்களுக்கு மட்டும்தான். விதி இருக்கு."

"யாரு போட்ட விதி?"

"நான்தான் எழுதுனேன்."

அவள் சிரித்தாள். "நீ அப்படியேதான் இருக்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாக வைத்துவிட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. இன்று எங்கும் போகவில்லை.

ஜூலை 29, திங்கள்

ஆடிட்டரிடம் கேட்டேன். பொருளாளரே ஒரு பங்கு எடுத்தால் என்ன?

"ஆகவே ஆகாது. அறங்காவலரா இருந்துக்கிட்டு அறக்கட்டளைகிட்டயே வருமானம் வாங்குனா, வரிவிலக்குக்கே ஆபத்து. சான்றிதழக் கழத்தி வச்சிரணும்."

"பொறுப்புல இல்லாத ஆளுன்னா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எடுக்கலாம். ஆனா ஒங்களுக்கு வாரது பென்சன். இந்தத் தேய்மானம் அதுல கழியவே கழியாது. ஒங்களுக்கு இதுல தம்பிடி பிரயோசனம் இல்லக்கா. பதினைஞ்சு வருசமாக் கட்டிக் காத்த பொறுப்ப இதுக்குப் போயா விடுவிய?"

பணம் என்னிடம் ஜூன் மாதத்திலிருந்தே இருக்கிறது. வைப்புநிதியில் சும்மாதான் கிடக்கிறது. பொருளாளர் என்று பெயருக்குக் கீழே போடுகிற கையெழுத்தைத்தான் என்னால் எடுத்துக்கொடுக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்து சேலை கட்டுவதற்கு எனக்கு இருந்த காரணம் அது ஒன்றுதான். விதியும் கணக்கும் கையில் இருந்தால் யாரும் நம்மை வேறு எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது இன்னொரு வசதி.

ஜூலை 31, புதன்

ராஜினாமா கடிதம் கொடுத்தேன். நான்கு வரி. கூடவே பன்னிரண்டாவது பங்குக்கான காசோலை.

ஞானையா சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "துணி காயப்போடுத எடத்துக்காகவா, தொற்காள்?"

"ஆமா சார். அதுக்குத்தான்."

பிறகு எழுந்து நின்று என் சேவையைப் பாராட்டி ஏழு நிமிடம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எறந்தது யாரும்மா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

என் வீட்டில் இரண்டாவது அறை முழுக்க விடுதிக் கோப்புகள். ஆபீஸில் இடமில்லை என்று வருடாவருடம் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. இன்று புதுப் பொருளாளர் மினி வேன் அனுப்பி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பீரோ, பதினொரு அட்டைப்பெட்டி. பீரோ நின்ற இடத்தில் மட்டும் தரை புதிதாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தேன். அந்த அறைக்குக் கிழக்கு வெயில் வருகிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இரும்புச் சட்டம் வந்து இறங்கியதாக இசக்கி சொன்னாள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. நார்த்தங்காய் நறுக்கி உப்பில் போட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

மழை. வேலை நின்றுவிட்டதாம். ஐந்து முறை போன் செய்துவிட்டேன். ஆறாவது முறை என்ஜினியர், "மேடம், நீங்க இப்ப பொறுப்புல இல்லீங்களே" என்று மெதுவாகச் சொன்னார். உண்மைதான். பங்குதாரர் என்ற முறையில் கேட்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ஓட ஆரம்பித்துவிட்டது. காலை பத்தே முக்கால். செப்டம்பர் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. முபீனா, வசந்தமலர், மற்றவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரருக்கு வேண்டாம் என்று கடிதம் போய்விட்டதாக ஞானையா சார் எல்லார் முன்னாலும் அறிவித்தார். பெண்கள் கைதட்டினார்கள். சமையல்காரம்மா கேசரி கிண்டியிருந்தார். சர்க்கரை கூடுதல், யாரும் குறை சொல்லவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் விடுதிக்குப் போனேன். வார்டன் தயங்கித் தயங்கி வருகையாளர் பதிவேட்டை நீட்டினாள். பதினைந்து வருடத்தில் முதல் முறையாக அதில் கையெழுத்துப் போட்டேன். வந்த காரணம் என்ற இடத்தில் 'என் மூன்று தகடுகளைப் பார்க்க' என்று எழுதினேன்.

மாடியில் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். தகடுகளின் நிழலில் பாய் விரித்துச் சிலர் படுத்திருந்தார்கள். தெற்கு ஓரத்து வெயிலில் இசக்கி இன்னொருத்தியின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். இப்போது எல்லாருக்கும் குட்டை முடி, அரைமணிகூட ஆகாது. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்கள். மேலே மின்சாரம் ஓடுகிறது, கீழே இவர்கள் யாரையோ பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எனக்கு மட்டும் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் செய்தேன்.

"என்னளா, பங்கு இன்னும் விக்கலையா?" என்றாள் லீதியாள்.

"வித்தாச்சு. நான்தான் வாங்குனேன். பொருளாளர் வேலைய விட்டுட்டேன்."

"நீயா? விட்டுட்டியா? பின்ன இப்பம் எதுக்குப் போன் போட்ட?"

எழுதி வைத்துக்கொண்டு படித்திருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருப்பேன். வாயில் வந்தது இதுதான்: "ஹாஸ்டல்ல கட்டில் கெடையாது லீதியா. என் வீட்டுல ஒரு ரூம் காலியாக் கெடக்கு. நீ இங்க வந்துரு. பாவம்னு கூப்பிடல. எனக்கு நீ வேணும்."

அங்கே எங்கேயோ குக்கர் விசிலடித்தது. ஒன்று, இரண்டு. அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் செருப்புக் காலோடு நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது விசிலுக்குப் பிறகு,

"பையன்ட்ட பேசணும்" என்றாள். பிறகு, "மருமக ரெண்டு நாள் அழுவா." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஏளா, அங்க கம்பளியெல்லாம் வேண்டாம்லா? பெட்டில எடம் அடைக்கும்."

வேண்டாம் என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

செப்டம்பர் 28, சனி

கட்டில் வாங்கினேன். மெத்தை கெட்டியாக வேண்டுமா மெதுவாக வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு இப்போது என்ன பிடிக்கும், என்ன ஒத்துக்கொள்ளாது, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சண்டை வரும். அவள் காப்பியில் சர்க்கரை அள்ளிப் போடுவாள், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன்.

கெட்டியானதே வாங்கினேன்.

அக்டோபர் 3, வியாழன்
திருநெல்வேலி ஜங்ஷன்

பிலாஸ்பூர் வண்டி ஒரு மணி நேரம் தாமதம். நான் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டேன். காத்திருக்க வேறு வழி தெரியாமல் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். மடியில் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணுகிறது.

நேற்று ராத்திரி வண்டியிலிருந்து பேசினாள். முடியையெல்லாம் போன வருடக் காய்ச்சலில் வெட்டிவிட்டார்களாம், தோளுக்கு மேலேதான் இருக்கிறதாம், வெள்ளை வெளேரென்று இருக்குமாம், அடையாளம் தெரியாமல் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடாதே என்றாள். தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். தெரியுமா என்று இப்போது பயமாக இருக்கிறது.

அவளுடைய பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று போர்ட்டரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை போனபோது அவரே, "இந்தக் கம்பத்துகிட்ட நில்லுங்கம்மா, வேற எங்கயும் போவாதிய" என்று நிறுத்திவைத்துவிட்டார்.

வெளிச்சம் தெரிகிறது. கூட்டம் எழுந்து நிற்கிறது. பேனாவை மூடுகிறேன்.